மலாயா தோட்டத்தில் ஒரு நாள் எப்படிக் கழிந்தது?

நாகைக்கரை:
வணக்கம். என் அப்பாவுடைய தாத்தா, ஊரில் ஆள் திரட்டிக் கூட்டிப்போகும் கங்காணியோடு மலாயாவுக்குப் போனவர். 1912இல் ரஜூலா கப்பலில் ஏறினார், ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தார், திரும்பவில்லை. வீட்டில் சொல்லப்படும் கதை இவ்வளவுதான். சரி, படித்தாவது தெரிந்துகொள்வோம் என்று உட்கார்ந்தால் எல்லாம் சட்டம், கமிஷன், வேலைநிறுத்தம், ரப்பர் விலை என்றே போகிறது. காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், கைக்குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதை யாருமே எழுதவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்களேன்.

பெரட்டுக்களம்:
தம்பி, முதலில் கப்பலை முடித்துவிடுவோம். ரஜூலா கட்டப்பட்டதே 1926இல். 1912 என்றால் வேறு கப்பல். எங்கள் பக்கத்திலும் எல்லாத் தாத்தாவும் ரஜூலாவில்தான் வந்தார்கள், ஒருவரைக்கூட வேறு கப்பலில் ஏற்ற மாட்டோம் :)

நான் பேராக்கில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். கண்ணால் பார்த்தது அறுபதுகள், அதற்கு முந்தியது தாத்தாவும் பாட்டியும் சொன்னது. ஆனால் பால்வெட்டு வேலை பெரிதாக மாறவில்லை. அதனால் நாளும் அதிகம் மாறவில்லை.

விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே மணி அடித்துவிடும். மணி என்றால் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. இருட்டிலேயே பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் யாருக்கு எந்த மர வரிசை என்று சொல்வார். வராதவன் பெயர் செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், விழாது, அன்றைக்குச் சம்பளம் கிடையாது. அவ்வளவுதான்.

ஏன் இந்த அவசரம் என்றால், குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் பட்டைக்குள் பால் அழுத்தமாக நிற்கும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். ஆளுக்கு முந்நூறு, நானூறு மரம். ஒவ்வொரு மரத்திலும் முதலில் நேற்றைய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட வேண்டும், பால் பிடிக்கும் கிண்ணத்தை, அதாவது மங்கைத் துடைக்க வேண்டும். அப்புறம் கத்தியைச் சாய்த்துப் பிடித்து, பழைய வெட்டின் கீழ்விளிம்பில் ஒரு சீவல். கனமாகச் சீவினால் பட்டை சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆழமாகப் போய் உள்மரத்தைத் தொட்டால் காயம். அந்த இடம் முண்டும் முடிச்சுமாக ஆறும், சில வருஷம் கழித்துப் புதுப்பட்டையில் வெட்ட வரும்போது கத்தி ஓடாது. மண்டோர் காயத்தை எண்ணிக்கொண்டே பின்னால் வருவார். ஒரு மரத்துக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அந்த அரை நிமிஷத்தில் கை தவறக் கூடாது. குனிந்து வெட்டும் மரம், அண்ணாந்து வெட்டும் மரம், சரிவில் நிற்கும் மரம், காலில் அட்டை, காதருகில் கொசு.

கடைசி மரம் முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து பசியாறுவார்கள். பால் சொட்டி முடிய வேண்டுமே. பிறகு முதல் மரத்திலிருந்து மறுபடி ஒரு நடை, மங்குகளை வாளியில் கவிழ்த்துக்கொண்டே. இரண்டு வாளியும் நிறைந்தால் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு. நிறுத்து, பாலின் கெட்டியை மானி போட்டுப் பார்த்து, தண்ணீர் கலந்திருந்தால் நாலு வார்த்தை வாங்கி, வாளி கழுவி, வீட்டுக்கு வரும்போது மதியம் தாண்டிவிடும்.

மழை பெய்தால் வெட்டு கிடையாது. பட்டை நனைந்தால் பால் கோட்டில் நிற்காமல் வழிந்து ஓடிவிடும். சின்னப் பிள்ளையில் எனக்கு மழை என்றால் கொண்டாட்டம். அம்மா முகம் மட்டும் ஏன் அப்படிப் போகிறது என்று புரிந்ததில்லை.

லயத்துப்பெண்:
அண்ணன் நன்றாகவே எழுதிவிட்டார். ஆனால் அது ஆண்பிள்ளை பார்த்த நாள். மணி அடித்த பிறகு எழுந்த பெண் தோட்டத்தில் யார்? அதற்கும் ஒரு மணி நேரம் முன்னாலேயே எழுந்து அடுப்பு மூட்டி, காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து ஆக்கி, தூங்குகிற பிள்ளையைத் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பெரட்டுக்குப் போவார்கள்.

ஆயாக் கொட்டகை என்றால் தகரக் கூரை, வரிசையாகச் சேலைத் தூளி, மேடு பள்ளம் ஏறி இறங்க முடியாத ஒரு கிழவி. அத்தனை தூளியையும் அந்த ஆயா ஒருத்தியே ஆட்டுவாள். கொஞ்சம் நடக்கிற பிள்ளைகள் அம்மாவோடு தீம்பாருக்கே, அதாவது மரம் வெட்டும் இடத்துக்கே, போய்விடும். மங்கு துடைப்பது, ஒட்டுப்பால் உரிப்பது அவர்கள் வேலை. செக்ரோலில் அவர்கள் பெயர் இருக்காது, ஆனால் அம்மா நானூறு மரத்தை முடித்தது அந்தச் சின்னக் கைகளால்தான்.

வேலைக்குப் போகும்போது கைலிக்கு மேலே புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. பால் பட்ட துணி வெளுக்காது, கறுத்து விறைத்துப்போகும். முடியில் ஒட்டிவிட்டால் கத்தரிக்க வேண்டியதுதான். எங்கள் பாட்டி அந்தச் சட்டையை வீட்டுக்குள் கொண்டுவரவே விடமாட்டார். ஒட்டுப்பால் வாடை அப்படி.

அந்தக் காலத்து லயத்தைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. நீளமாக ஒரே கூரை, பத்தடிக்குப் பத்தடி அறைகள், நடுத்தடுப்பு கூரை வரைக்கும் எட்டாது. ஒரு வீட்டுச் சண்டை பத்து வீட்டுக்குக் கேட்கும். ஆரம்பத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் தனியாள் ஆண்கள். 1931 கணக்கெடுப்பில்கூட மலாயா இந்தியரில் ஆயிரம் ஆணுக்கு ஐந்நூறு பெண் தேறவில்லை. அதனால் ஒரு குடும்பமும் ஒன்றிரண்டு தனியாட்களும் ஒரே அறையில், நடுவில் சாக்கைத் திரையாகத் தொங்கவிட்டு இருந்ததெல்லாம் உண்டு. அந்த அறையில் ஒரு பெண் எங்கே உடை மாற்றினாள், எப்படித் தூங்கினாள் என்பதை எந்தக் கமிஷன்காரனும் கேட்டு எழுதவில்லை. பாட்டியிடம் நான் கேட்டேன். "விளக்கை அமத்திட்டா எல்லாம் இருட்டுதானே" என்று பேச்சை முடித்துவிட்டார்.

கணக்குப்புலி:
கொஞ்சம் காசுக் கணக்கும் வேண்டும், இல்லாவிட்டால் படம் முழுமையாகாது.

1910 ஏப்ரலில் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. மோட்டார் வண்டிக் காலம் அல்லவா. காட்டை வெட்டி மரம் நட்டவனுக்கெல்லாம் ஆள் தேவை. அதே ஆண்டில்தான் மலாயாவில் ஒப்பந்தக்கூலி முறையை நிறுத்தினார்கள். அதற்கு முன்பு காலம் முடியுமுன் ஓடிப்போனவனுக்குச் சிறை. பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் கங்காணி மூலம், அல்லது தாமாக. 1907இல் ஆரம்பித்த குடியேற்ற நிதிக்குத் தோட்டங்கள் ஆள் கணக்குப்படி பணம் கட்ட வேண்டும். கப்பல் செலவும் நாகப்பட்டினம், ஆவடி முகாம்களின் செலவும் அதிலிருந்து போனது. ஆகவே நாகைக்கரையின் பூட்டன் 1912இல் போயிருந்தால், கப்பல் கட்டணம் அவர் தலையில் கடனாக ஏறியிருக்க வேண்டியதில்லை. கங்காணி ஊரில் கொடுத்த முன்பணம் வேறு கதை.

கூலி: இருபதுகளின் கடைசியில் முக்கியமான இடங்களில் நிர்ணயக் கூலி நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு, மலாயா டாலர் கணக்கில். அதே நானூறு மரம், அதே வாளி, பத்துக் காசு குறைவு. 1930இல் உலக மந்தம் வந்ததும் இதையும் வெட்டினார்கள். ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள்.

இன்னொன்று. சட்டப்படி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் யாரும் தோட்டத்தை விட்டுப் போகலாம். பலர் போகவும் செய்தார்கள், பக்கத்துத் தோட்டத்தில் கூலி கூட என்றால் ராத்திரியோடு ராத்திரியாக. எல்லாரையும் சங்கிலியில் கட்டி வைத்திருந்தது போல எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஹட்டன்பனி:
நான் இலங்கை மலையகம். எங்கள் ஆட்கள் மண்டபம் முகாமில் அடைபட்டு, தலைமன்னாரில் இறங்கி வந்தவர்கள். எங்களுக்குத் தேயிலைக் கொழுந்து, உங்களுக்கு ரப்பர் பால். மற்றபடி பெரட்டு, கங்காணி, லயம், மாரியம்மன் கோயில், எல்லாம் அச்சு அசலாக அதேதான். ஒரு வித்தியாசம்: எங்கள் பக்கம் கடனைத் துண்டு என்ற சீட்டில் எழுதி, ஆளோடு சேர்த்துத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றினார்கள். 1921இல்தான் அதை ஒழித்தார்கள். கணக்குப்புலி சொல்கிற ஒரு மாத நோட்டீஸ் எங்களுக்கும் காகிதத்தில் இருந்தது. நாலு தலைமுறைக் காகிதம்.

நாகைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. லயத்துப்பெண் அக்கா, ஆயாக் கொட்டகையைப் பற்றி இதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை.

ஒரு சந்தேகம். ஒரு மாத நோட்டீஸில் போகலாம் என்றால், அறையில் இடமில்லை, கூலி பத்தாது, பிறகு ஏன் அத்தனை பேர் அங்கேயே தங்கினார்கள்? ஊருக்கு வந்திருக்கலாமே?

பெரட்டுக்களம்:
ரொம்பப் பேர் வந்தார்கள் தம்பி. போனவர்களில் பெரும் பகுதி திரும்பியவர்கள்தான். இரண்டு மூன்று வருஷம் வேலை, ஊர், மறுபடி கப்பல் என்று பல தடவை போய்வந்தவர்களும் உண்டு. தங்கியவர்கள் பெரும்பாலும் கல்யாணம் ஆனவர்கள், பிள்ளை பெற்றவர்கள்.

ஆனால் கணக்குப்புலி சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. வீடு தோட்டத்துடையது. வேலை இருக்கும்வரைதான் வீடு. பள்ளிக்கூடம் தோட்டத்து நிலத்தில், கோயில் தோட்டத்து நிலத்தில், ஆஸ்பத்திரியும் அப்படியே. சமைக்கிற விறகு தோட்டத்து மரம். நோட்டீஸ் கொடுப்பது என்றால் வேலையை மட்டும் விடுவதில்லை, குடம் சட்டியோடு தெருவில் நிற்பது. அடுத்த தோட்டத்துக்குப் போகலாம், ஆனால் அங்கேயும் வீடு தோட்டத்துடையதுதான்.

அப்பா செத்தபோது எங்களுக்கு வீடு நின்றது அம்மா பெயர் செக்ரோலில் இருந்ததால். அண்ணன் படித்துக்கொண்டிருந்தான், நன்றாகவும் படித்தான். ஆனாலும் அவனையும் பால்வெட்டில் சேர்த்தோம், இரண்டு பெயர் இருந்தால் வீட்டுக்கு இன்னும் உறுதி என்று. நான் படித்தது அதனால்தான். இதை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் எங்களை அடிக்கவில்லை. துரை நல்ல மனுஷன்கூட.

கொயினா:
நோயைப் பற்றி யாரும் பேசவில்லையே. முதல் தலைமுறையைக் கொன்றது கூலிக்குறைவு அல்ல, மலேரியா. மலைப்பாங்கான இடத்தில் காட்டை வெட்டியதும் நிழலில் ஓடிய ஓடையெல்லாம் வெயிலுக்கு வந்தது. அந்தத் தெளிந்த வெயில் தண்ணீரில்தான் அங்கத்து மலேரியாக் கொசு முட்டையிடும். அதாவது தோட்டம் போட்டதே நோயை வளர்த்தது. 1901இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் வடிகால் வெட்டிச் சதுப்பை வற்ற வைத்துக் காய்ச்சலை அடக்கினார். மலைத் தோட்டங்களில் அது பலிக்கவில்லை, அங்கே ஓடைகளைக் குழாய்க்குள் விட்டு, எண்ணெய் தெளிக்க வேண்டியிருந்தது.

பெரட்டில் மலேரியா மருந்தான கொயினா கொடுத்த தோட்டங்கள் உண்டு. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் முன்னால் நின்று வாயில் ஊற்றிக்கொண்டு விழுங்கிக் காட்ட வேண்டும். கசப்பு தாங்காமல் கன்னத்தில் அடக்கி வைத்துத் துப்புகிறவர்களும் இருந்தார்கள்.

கங்காணி பேரன்:
இந்த இழையிலும் கங்காணி என்றால் வில்லன் என்றே போய்க்கொண்டிருக்கிறது. என் பூட்டன் கங்காணி. ஊரில் பஞ்சம், பண்ணையாரிடம் அடிமை போல இருந்தவர்களைத்தான் கூட்டிப் போனார். தோட்டத்து மாரியம்மன் கோயிலைக் கட்டியது அவர். கல்யாணம், சாவு, சண்டை, எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னே நின்றார். அவர் இல்லை என்றால் துரையிடம் தமிழில் யார் பேசியிருப்பார்கள்?

லயத்துப்பெண்:
பேரன் தம்பி, கோயில் கட்டியது உண்மை. தன் ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்று கணக்குப் பார்த்துத் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு வந்ததும் உண்மை. காய்ச்சலில் கிடந்தவனைப் பெரட்டுக்கு எழுப்பிக்கொண்டு வந்தது ஏன் என்று இப்போது புரியும். நல்லவர் கெட்டவர் என்பதை விடுங்கள், அந்த உத்தியோகம் அப்படி.

கோயில் என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்பார்கள். சில தோட்டங்களில் சேரிக்காரர்களுக்குத் தனி லயம் இருந்தது. திருவிழாவில் யார் முதலில் தீபம் எடுப்பது என்பதில் எங்கள் தோட்டத்திலேயே கை கலந்திருக்கிறது. ஆனால் பால்வாளிக்குச் சாதி இல்லை, பள்ளிக்கூடப் பெஞ்சுக்கும் இல்லை. 1929இல் பெரியார் மலாயா வந்து போனதற்குப் பிறகு பேச்சாவது மாறியது என்று தாத்தா சொல்வார்.

கங்காணி பேரன்:
தலைக்காசை நான் மறுக்கவில்லை அக்கா. எல்லாரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்றுதான் சொன்னேன்.

இழைக்காவலன்:
பெயர் சொல்லித் திட்டாமல் இதுவரை போயிருக்கிறது, அப்படியே போகட்டும். சாதி பற்றித் தனி இழை இருக்கிறது.

கணக்குப்புலி:
வீட்டு விஷயத்தில் பெரட்டுக்களம் சொன்னதை ஏற்கிறேன். அதற்கு ஒரு பின்கதையும் இருக்கிறது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க ஆரம்பித்தன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போனது. 1960இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் இதற்குத்தான்: தொழிலாளி மாதம் 10 வெள்ளி, அதாவது மலாயா டாலர், கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்க, சேர்ந்த பணத்தில் சங்கமே தோட்டத்தை வாங்கும். நல்ல யோசனை. ஆனால் பங்குதாரர் ஆனவனுக்கும் அவன் குடியிருந்த வீட்டுக்குத் தனிப்பட்டா வரவில்லை.

1969க்குப் பிறகு இன்னொரு அடி. சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள், அதாவது குடியுரிமை இல்லாதவர்கள், வேலைக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். அங்கேயே பிறந்து, பிறப்புச் சான்று எடுக்காமல் விட்ட எத்தனையோ பேர் மாட்டிக்கொண்டார்கள். லயத்தில் மருத்துவச்சி பிரசவம் பார்த்தாள், பதிவு செய்ய டவுனுக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். யார் போவார்கள்?

கொயினா:
கள்ளுக்கடையை விட்டுவிட்டீர்களே. தோட்டத்துக்குள்ளேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை, சாயந்தரம் வரிசை. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். அதோடு இன்னொன்று: துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். பட்டாளம் வந்து சுட்டது, சிலர் செத்தார்கள், தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள்.

கூலியை விட்டுச் சைக்கிளுக்கா சண்டை என்று சிலர் கேட்பார்கள். சொந்தச் சம்பாத்தியத்தில் முதல்முதலாகச் சைக்கிள் வாங்கியவனைக் கேட்டுப் பாருங்கள்.

லயத்துப்பெண்:
சாப்பாடு கேட்டாரே தம்பி. நல்ல காலத்தில் ரங்கூன் அரிசி, கருவாடு, பருப்பு, லயத்துக்குப் பின்னால் போட்ட கீரை, முருங்கை. மலாய்க்காரரிடம் கற்ற, இறால் விழுது போட்ட பிளாச்சான் சம்பல் எங்கள் பாட்டி காலத்திலேயே அடுக்களைக்கு வந்துவிட்டது. கடையில் எல்லாம் நோட்டுக் கணக்கு, சம்பள நாளில் கழிப்பார்கள்.

ஜப்பான்காரன் வந்ததும் பர்மா அரிசி நின்றது. ரப்பர் வாங்க ஆளில்லை, வெட்டும் நின்றது. மூன்று வேளையும் மரவள்ளி. துணி இல்லாமல் சாக்கைத் தைத்துக் கட்டினார்கள். ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆண்களை லாரியில் ஏற்றினார்கள். பாட்டியின் அண்ணன் அப்படிப் போனவர். அவர் கத்தியையும் வாளியையும் பாட்டி ரொம்ப நாள் யாருக்கும் கொடுக்கவில்லையாம்.

அது முடிந்து நிமிர்வதற்குள் 1948இல் கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலம். லயத்தைச் சுற்றி முள்கம்பி. கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடும் என்று, வேலைக்குப் போகிறவர்கள் சாப்பாட்டு டப்பா கொண்டுபோகக் கூடாது, வாசலில் சோதனை. அண்ணன் சொன்ன அந்தப் பசியாறல் கொஞ்ச வருஷம் கிடையாது. வெறும் வயிற்றோடு நானூறு மரம்.

நாகைக்கரை:
பூட்டனின் பெயரை எங்கே தேடுவது? கப்பல் பட்டியல் ஏதாவது கிடைக்குமா?

கணக்குப்புலி:
நேட்டாலுக்கும் மொரீஷியஸுக்கும் போன ஒப்பந்தக்காரர்களுக்கு ஆள்வாரிப் பதிவேடுகள் இருக்கின்றன, ஊர், வயது, அப்பா பெயர் வரைக்கும். மலாயாவுக்குக் கங்காணியோடு போனவர்களுக்கு அந்த அளவு எதிர்பார்க்காதீர்கள். தோட்டத்தின் பெயர் தெரிந்தால் அந்தக் கம்பெனியைத் தேடலாம். கோலாலம்பூரில் இருந்த இந்திய அரசாங்க ஏஜென்டின் ஆண்டறிக்கைகளும் உதவும். ஆட்களின் பெயர் வராது, ஆனால் அந்தந்த வருஷத்துக் கூலி, வீடு, நோய், புகார் எல்லாம் வரும்.

பெரட்டுக்களம்:
தோட்டத்தின் பெயரில் ஒரு சிக்கல். கம்பெனிக் கணக்கில் ஒரு பெயர், நம் ஆட்கள் வாயில் வேறு பெயர். பழைய துரை பெயரோ, பக்கத்து ஆறோ, ஏதோ ஒரு மரமோ, அதை வைத்துக் கூப்பிடுவார்கள். வீட்டில் வழங்கும் பெயரை இங்கே போடுங்கள். பேராக், சிலாங்கூர் பக்கம் என்றால் என் வயசுக்காரர்கள் யாராவது இனம் கண்டுவிடுவார்கள். கெடா, ஜோகூர் என்றால் லயத்துப்பெண்ணுக்கு ஆட்களைத் தெரியும்.

லயத்துப்பெண்:
கெடா தெரியும். ஜோகூருக்கு என் சின்னம்மா இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன். பெயரோடு பக்கத்து டவுன் பெயரும் இருந்தால் போடுங்கள் தம்பி, ஒரே பெயரில் மூன்று தோட்டம் இருக்கும்.